அத்தையும் யூ-டர்னும்

பிப்ரவரி 3

வகுப்பு முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை கேட்டார்: "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுப்பியா?"

என் மாமியார்! நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த அன்று, "ஸ்டீயரிங் பிடிக்கிறது பொம்பளைக்கு ஒரு பொழைப்பா? உன் வண்டியில ஏறினா என் பேரை மாத்தி வச்சுக்கறேன்" என்றவர். அன்று முதல் கொட்டும் மழையிலும் பஸ்தான்.

இப்போது கேட்கக் காரணம் மாமா. கண் மங்கிவிட்டது, இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் கார் இருக்கும்போது வாடகை வண்டியில் ஏறமாட்டேன் என்கிறார்; சிகிச்சை தள்ளிப்போகிறது. என் கணவருக்கோ வெளியூரில் வேலை. நான் கூட்டிப்போகிறேன் என்றேன். "உனக்கு வேலை இருக்கு. என் புருஷனை நான் கூட்டிட்டுப் போறேன்."

இந்த ரோஷம்தான் அத்தை!

பிப்ரவரி 5

அத்தையின் நிபந்தனை: "வண்டிக்குள்ள நீ வாத்தியார். கதவைத் திறந்து இறங்கிட்டா நான் மாமியார்."

முதல் நாளே, நான் பிரேக் மிதிப்பதற்குள் ஸ்கூல் வண்டியை வீட்டு கேட்டில் இடித்தார். ஹெட்லைட் போச்சு. "கேட்டை இவ்வளவு கிட்ட யாரு வச்சது?" மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிப்ரவரி 17

கியர், கிளட்ச், பார்க்கிங் எல்லாம் அத்துப்படி. யூ-டர்ன் மட்டும் வரவில்லை. கண் ஆஸ்பத்திரி இருப்பது சாலையின் எதிர்ப்பக்கம். நடுத்தடுப்பில் திரும்பும் இடைவெளி வரும்போது பின்னால் ஒரு ஹாரன் கேட்டால் போதும் — நேரே போய்விடுகிறார். இன்று ரவுண்டானாவையும் தாண்டி ஊர் எல்லைக்கே போய்விட்டோம். டெஸ்டில் யூ-டர்ன் கட்டாயம்.

கத்திவிட்டேன். "ஹாரன் அடிக்கிறவங்க நம்ம வீட்டுக்கா வரப் போறாங்க அத்தை? கண்ணாடியைப் பாருங்க, சிக்னல் போடுங்க, நிதானமாத் திருப்புங்க!"

அத்தை வண்டியை ஓரம் கட்டினார். கதவைத் திறந்து இறங்கியதும், "சத்தம் ஜாஸ்தி" என்றார்.

பிப்ரவரி 18

அத்தை வரவில்லை. தலைவலியாம்.

நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் வேறு யாரிடமும் இப்படிக் கத்தியதில்லையே — பழைய கோபமா?

பிப்ரவரி 20

காலையில் ஹாலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். அத்தை சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வருகிறார். சோபாவிலிருந்து மாமா வாயாலேயே ஹாரன் அடிக்கிறார்: "பாம்! பாம்ம்ம்!" அத்தை கண்டுகொள்ளவே இல்லை.

சத்தம் காட்டாமல் நழுவிவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மார்ச் 6

பாஸ்!!

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன்மேல் படுத்தே விட்டான். அத்தை கண்ணாடியைப் பார்த்தார். சிக்னல் போட்டார். ஒரே வளைவு. ஓரத்தில் நின்று பார்த்த எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், இப்படிப் பெருமைப்பட்டதே இல்லை.

மார்ச் 9

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் அத்தையின் தங்கை போன் செய்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"ஏன்க்கா, மருமக ஸ்டீயரிங் பிடிச்சதுக்கு அந்தக் குதி குதிச்சியே? இப்ப நீயே ஓட்டுறியாமே! பேரை மாத்தி வச்சுட்டியா?"

சமையலறையில் நான் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டினேன்.

"தப்பான வழியில போயிட்டு இருந்தேன்டி. திரும்ப வேண்டிய இடம் வந்துச்சு, திரும்பிட்டேன். நீ ஹாரன் அடிச்சுக்கிட்டே இரு" என்றார் அத்தை. பிறகு, "கத்துக்குடுத்தது யாருன்னு நினைக்கிறே? என் மருமகடி!"

வண்டிக்குள் மட்டும்தான் நான் வாத்தியார் என்றவர், வீட்டு நடுக்கூடத்தில் நின்று சொன்னார்.

முன் சீட்டில் மாமா, பின்னால் நான். ஸ்கூல் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, மாமாவின் இந்தக் காரில் கிடையாது. ஆஸ்பத்திரி இடைவெளி வந்தது. பின்னால் ஹாரன்.

என் கால் பிரேக்கைத் தேடவே இல்லை.