இறக்கையில் ஒரு கட்டைவிரல்

நைனா,

பெயின்ட் டப்பாவின் மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தேன். உள்ளே ஆடை கட்டிப் போயிருந்தது. குச்சியால் அதைக் கிழித்ததும் வீடு முழுக்க உன் சட்டை வாசனை வந்துவிட்டது. அம்மா பாயில் புரண்டு படுத்தாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விடிவதற்கு முன் அவள் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போக வேண்டும், எழுப்பினால் திட்டுவாள். ஆனால் என் பயம் அது இல்லை. உன் வாசனையில் அவள் விழித்துவிடக் கூடாது என்பதுதான். நீ போனதிலிருந்து அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜீரோ வாட் பல்பின் அடியில் நம் பிளாஸ்டிக் ஜெட் விமானம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு துண்டு உப்புத்தாள். இறக்கையைத் தேய்த்து மழமழப்பாக்கி, பெயின்ட் அடித்து, நாளை பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எடுத்துப் போக வேண்டும். தேய்க்கக் கை வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விமானப் பெட்டி வந்த சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் சரக்கு இறக்கும் உன் தோஸ்து, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கடல் தண்ணீர் பட்டு அட்டை ஊறி உப்பியிருந்தது. மூடியில் சாம்பல் நிற ஜெட் ஒன்று மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"இன்னா மாமு இது?" என்று கேட்டாய்.

"ஏரோப்ளேன்பா. நனைஞ்சி போச்சுன்னு தூக்கிப் போட்டானுங்க. பாப்பாவுக்கு இருக்கட்டும்."

நீ மூடியைத் திறந்தாய். பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னச் சின்னத் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. "மீனைத் துன்னுட்டு முள்ளை மட்டும் அனுப்பிக்கிறானுங்கடா" என்றாய். செய்முறைத் தாளைப் பிரித்தால் ஏதோ வெளிநாட்டு எழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றதும் உனக்கு எவ்வளவு சந்தோஷம்! "எனக்கு எந்த எழுத்தா இருந்தாலும் இப்படித்தான். இப்போ நீயும் நானும் ஒரே கிளாஸு" என்று என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடிதான் நம் இடம். தாளில் இருந்த படத்தைப் பார்த்து நான் துண்டைக் காட்டுவேன், நீ பிளேடால் அறுத்தெடுப்பாய். எதிரே துறைமுகத்துக் கிரேன்கள் தலை குனிவதும் நிமிர்வதுமாக இருக்கும். எண்ணூர்ப் பக்கமிருந்து புகை மெதுவாகச் சாய்ந்து வந்து கடலில் இறங்கும். எதற்கும் அவசரமே இல்லாத நேரம் அது. விமான ஓட்டியை நான் உன் உள்ளங்கையில் வைத்தேன், விரல் நகம் அளவுகூட இல்லை. கண்ணாடி மூடியை ஒட்டலாம் என்றால் நீ விடவில்லை. "இப்பவே மூடிட்டா அந்தாளுக்கு மூச்சு முட்டாது? கெளம்பும்போது போட்டுக்கலாம்" என்றாய். அவர் அப்படியே திறந்த கண்ணாடியோடு நம் அலமாரியில் பல நாள் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

பெட்டியில் இருந்த பசைக் குழாய் கல்லாகக் காய்ந்திருந்தது. நீ கவலையே படவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ரெசின் கொண்டுவந்தாய். ஓட்டை விழுந்த ஃபைபர் படகுகளுக்கு நீ நாள் முழுவதும் பூசுகிற அதே ரெசின். "போட்டையே ஒட்டுது, இந்தத் துக்கிளியூண்ட ஒட்டாதா?" என்று இறக்கையின் இடுக்கில் தடவி, கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

விரலை எடுத்தபோது பிளாஸ்டிக்கும் வெல்லப்பாகு மாதிரி நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. படகுக்கு உறுதியாக இருந்தது விமானத்தை உருக்கிவிட்டது. இறக்கையில் ஒரு பள்ளம். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"ஐயோ நைனா, கெட்டுப்போச்சு!"

நீ அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாய். பள்ளத்தில் உன் விரல் ரேகை கோடு கோடாகப் பதிந்திருந்தது. "ஏய், அழுவாத. இன்னா கெட்டுப்போச்சு இப்போ? உன் ரேங்க் கார்டுல வெக்கறனே, அதேதான். நைனா கையெழுத்து போட்டுக்கிறேன், பாரு."

"செஞ்சவன் கைநாட்டுன்னு ஊரு பூரா தெரியட்டும்" என்றார் அன்றைக்கும் வந்திருந்த மாமா. உனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்கும் அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

இறக்கை இறுகியதும் அதை நீதான் முதலில் பறக்கவிட்டாய். மாடிக் கொடியில் அம்மாவின் ஈரப் புடவைகள் ஆடிக்கொண்டிருந்தன. விமானத்தின் வயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஓர் இரைச்சலோடு, அந்தப் புடவைகளுக்குள் புகுந்து போனாய். நான் பின்னாலேயே வந்தேன். முகத்தில் ஈரத் துணி உரசியது, சோப்பு வாசனை அடித்தது. உன் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை, சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"எங்க போறோம் நைனா?"

"எங்கனாலும் போலாம். எறக்கத்தான் எனக்குத் தெரியாது."

இப்போதும் தூக்கம் வருவதற்கு முன் அந்தப் புடவைகள் வருகின்றன. விலக்க விலக்க இன்னொன்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடிக்கலாம் என்று, ஏதோ ஒரு படகுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் கண்கள் மஞ்சளாக இருந்தன. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் மூலக்கொத்தளம் சுடுகாடு. பெண்பிள்ளைகள் அங்கே வரக் கூடாது என்று என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். உன் லுங்கி, சட்டை, பாய் எல்லாவற்றையும் அம்மா கொடுத்துவிட்டாள். இந்த விமானத்தை மட்டும் நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

கண்காட்சிக்கு ஏதாவது கொண்டு வரச் சொன்னார்கள். என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. இன்று வகுப்பில் பையிலிருந்து எடுத்ததுமே பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இன்னாடி இது, சுட்ட கத்திரிக்காய்க்கு ரெக்கை மொளைச்சிக்கீது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சயின்ஸ் டீச்சர் சிரிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா பண்ணியிருக்கே. ஆனா இறக்கையில இந்த இடம் உருகிப் போய் அசிங்கமா இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பெயின்ட் அடிச்சு நாளைக்கு எடுத்துட்டு வா" என்றார்.

நான் தலையாட்டினேன். "எங்க நைனா விரல், டீச்சர்" என்று வாய் வரை வந்தது. சொன்னால் அழுதுவிடுவேன். எல்லோர் முன்னாலும் அழுவதற்குப் பயந்து தலையை ஆட்டிவிட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு, முதலில் வால் பக்கம் இருந்த ஒரு பிசிறைத் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறத் தூள் கொட்டியது. ஊதினேன். அங்கே பிசிறு இருந்த சுவடே இல்லை. அவ்வளவு சுலபம் நைனா. உன் ரேகையும் அப்படித்தான் போகும். உப்புத்தாளை மடித்து ஜன்னல் கம்பி வழியாகச் சாக்கடையில் போட்டுவிட்டேன்.

பிறகு பெயின்ட் அடித்தேன். மூக்கு, வால், இறக்கை எல்லாம் நீலம். உன் விரல் இருந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன், கெட்டியான பெயின்ட் பட்டால் ரேகை மூடிப்போகும் என்று. கடைசியில் மிஞ்சியதில் மண்ணெண்ணெய் விட்டு நீர்க்கக் கலக்கி, பிரஷ் நுனியால் அங்கே ஒரு சொட்டு வைத்தேன். அது தானாகக் கோடுகளுக்குள் ஓடியது. துணி முனையால் மேலாக ஒற்றி எடுத்தேன். மேடு சாம்பலாகவும் பள்ளம் நீலமாகவும் ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது. மேலே ஒரு சுழி. நடுவே குறுக்காக, எப்போதோ பிளேடு பட்ட தழும்பு. இத்தனை நாள் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

டீச்சரிடம் என்ன சொல்வது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "இது எங்க நைனா கையெழுத்து, டீச்சர். அதான் தேய்க்கல." பாதி வரைக்கும்தான் வந்தது. மறுபடி சொன்னேன்.

"இன்னாடி முணுமுணுத்துகினு கீற?"

அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கிட்டே வந்து, விமானத்தைப் பெயின்ட் படாத வயிற்றுப் பக்கமாகப் பிடித்து எடுத்து, பல்புக்கு நேராகச் சாய்த்தாள்.

"அந்தாளு வெரலுதானே இது" என்றாள். பிறகு, "டீச்சராண்ட சொல்றத சத்தமா சொல்லு. எனக்கே கேக்கல, அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

சொன்னேன். குரல் உடைந்தது. "இன்னொரு வாட்டி" என்றாள். சொன்னேன்.

நாளைக்கு இதை இப்படியே எடுத்துப் போகிறேன் நைனா. பயம் போகவில்லை. ஆனால் இப்போது அம்மா பாயில் படுத்தபடி, நான் எழுதுவது தெரியாமல், கூரையைப் பார்த்து உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ரெசினைப் போயி யார்னா பிளாஸ்டிக்ல ஊத்துவாங்களா? கேட்டா எல்லாம் தெரியும்பாரு. பேஜாரு புடிச்ச மனுசன்."

அவள் நிறுத்தவில்லை. எனக்கு அவள் நிறுத்திவிடக் கூடாது என்றே இருக்கிறது.