வேற கலர்

பிப்ரவரி 11

சின்னதுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ என் நம்பரைத் தடுத்து வைத்து எட்டு மாதம் ஆகிறது. அதனால்தான் பேனா எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதுவும் திட்டுவதற்கென்றே எழுத வேண்டி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளுக்கு வந்தாயே, அது வருகையா, வேடிக்கையா? வாசலில் நீ நின்றபோது யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தலை முழுக்க வெளிறின மஞ்சள். நாற்பத்து மூன்று வயதில்! போட்டோக்காரர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இரட்டைப் பிள்ளைங்களா? ஒண்ணு கலர் போட்டோ, ஒண்ணு பிளாக் அண்ட் ஒயிட்டா?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்தாய். நீ தூக்கிக்கொண்டு திரிவது உன் முகம் மட்டும் இல்லையடி, என் முகமும்தான். நாளைக்கு நான் கடைத்தெருவுக்குப் போனால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. உன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னடி, துடைப்பமாட்டம் இருக்கு?" என்று கேட்டாள். கேக் வெட்டுவதற்குள் காணாமல் போனாய். மாடிப் படிக்கட்டுப் பக்கம் போனவள் போனவள்தான். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்கிறதா?

ஒன்று மட்டும் சொல். பார்லருக்குப் போக உன்னிடம் காசு இருக்காது. வீட்டில் எதைக் கொட்டினாய்? நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு வெளுக்கிற பவுடரையா?

பெரிசு


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

பத்து நிமிடம் முன்னால் பிறந்துவிட்டு எத்தனை வருஷ அதிகாரம் செய்கிறாய்! போகட்டும். கேட்டதற்குப் பதில்.

விரிப்பு வெளுக்கிற பவுடரைத் தலையில் கொட்டுகிற அளவுக்கு நான் இன்னும் மூளை கெட்டுப் போகவில்லை. முடிக்கென்றே நீல நிறத்தில் ஒரு பவுடர் விற்கிறது. அதோடு கலக்க, டெவலப்பர் என்று பால் போல ஒன்று பாட்டிலில் வருகிறது. இருபது என்று போட்டிருப்பது மெல்ல வேலை செய்யும். நாற்பது என்று போட்டிருப்பது தோலைப் பதம் பார்த்துவிடும். நான் வாங்கியது இருபது. பார்லரில் சொன்ன தொகை என் அறை வாடகையைவிட அதிகம். அதனால் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் கலக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் பூசி, கிழிந்த பிளாஸ்டிக் பையால் தலையை மூடிக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்தேன்.

முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கற்றையில் போட்டுப் பார்த்தேன். தோல் தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றது. நடு முடியிலிருந்து நுனிவரை முதலில். வேர்ப்பக்கம் கடைசியில், தலைச்சூட்டுக்கு அங்கே சீக்கிரம் வெளுத்துவிடும். கறுப்பு முடி ஒரே நாளில் மஞ்சளாகாது. முதல் தடவை செங்கல் நிறம். இரண்டு வாரம் விட்டு மறுபடி போட்டேன், ஆரஞ்சு. அந்தத் தலையோடுதான் வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர், "என்னம்மா, தலையையும் மெஷின்ல போட்டு எடுத்தியா?" என்றார். இன்னும் இரண்டு வாரம். மூன்றாவது தடவைதான் நீ பார்த்த மஞ்சள். ஊதா ஷாம்பு போட்டு அலசினால் மஞ்சள் கொஞ்சம் அடங்கும். முடி நார் நாராகத்தான் இருக்கிறது. அம்மா சொன்னது பொய்யில்லை.

எதைக் கொட்டினாய் என்று கேட்டாயே தவிர, ஏன் செய்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை உனக்கு. கேட்க மாட்டாய். பதில் உன் வீட்டிலேயே இருக்கிறது.

சின்னது


பிப்ரவரி 25

சின்னதுக்கு,

சுற்றி வளைத்து நீ எங்கே வருகிறாய் என்று எனக்குத் தெரியாதா?

உன் வீட்டுக்காரர் உன்னை விட்டுவிட்டுப் போனபோது ஒரு பெட்டியோடு வந்து நின்றாய். மாடி அறையைத் திறந்துவிட்டது யார்? என் கணவர். ஆறு வருஷம், ஒரு நாள் முகம் சுளித்திருப்பாரா? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நாள் முழுக்க வெயிலில் கத்திவிட்டு வருகிற மனிதர். உன்னையும் என்னையும் பெற்ற அம்மாவுக்கே சில நேரம் ஆள் மாறிப்போகிறது. அந்த மனிதருக்கு மாறினால் அது குற்றமா? தெரியாமல் தோளில் ஒரு கை பட்டதற்கு வீட்டை விட்டுப் போனாய். சரி என்று விட்டேன். இப்போது தலையையும் கெடுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் பிறந்த நாளில் எல்லோர் முன்னாலும் எதையோ நிரூபிக்கப் பார்க்கிறாய். எனக்குக் குடும்பம் இருக்கிறது, உனக்கு இல்லை. வயிற்றெரிச்சல்தான். வேறென்ன?

இதோடு ஒரு கறுப்புச் சாய பாக்கெட் வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு மனுஷியாக வருவதென்றால் வா. இல்லையென்றால் அம்மாவைப் பார்க்கக்கூட இந்தப் பக்கம் வராதே.

பெரிசு


மார்ச் 4

அக்காவுக்கு,

உன் பாக்கெட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

தோளில் ஒரு கை என்கிறாய். எண்ணிக்கை தெரியாத மாதிரி எழுதாதே. உனக்குத் தெரியும், நான்தான் ஒவ்வொரு தடவையும் வந்து உன்னிடம் சொன்னேனே.

முதல் தடவை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து இடுப்பில் கை. திரும்பினேன். "அட, ஒங்கக்கான்னு நெனச்சேன்" என்று சிரித்தார். உன்னிடம் வந்து சொன்னேன். நீயும் சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டாவது தடவை சமையலறையில். அதே கை, அதே வார்த்தை. அன்று நீ சிரிக்கவில்லை. ஆனால் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "ரெண்டு பேரும் ஒரே மாதிரி நைட்டி போட்டா அவரு என்ன பண்ணுவாரு? நீ வேற கலர் போடு." போட்டேன். நீ நீலம் போட்ட நாளில் நான் சிவப்பு போட்டேன். நீ பின்னல் போட்டால் நான் கொண்டை. கடைசியில் முடியைக் கழுத்துவரை வெட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை, குட்டை முடியோடு, சிவப்பு நைட்டியோடு, மாடி அறையில் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து உள்ளே வந்தவர் அப்போதும் அதையேதான் சொன்னார். அதையும் உன்னிடம் சொல்லிவிட்டு, மறுநாள் பெட்டியை எடுக்கக்கூட நிற்காமல் கிளம்பினேன்.

இங்கே வந்த பிறகும் கண்ணாடியில் உன்னைத்தான் பார்த்தேன். பின்னாலிருந்து யாரும் இனி என்னை உன்னோடு மாற்றிச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நூறு அடி தூரத்தில் இருந்து பார்த்தாலும் நான் நானாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த மஞ்சள். அம்மாவின் பிறந்த நாளுக்கு அந்த தைரியத்தில்தான் வந்தேன்.

கேக் வெட்டுவதற்கு முன் மாடியிலிருந்து நாற்காலி எடுத்து வரச் சொன்னாய். படிக்கட்டுத் திருப்பத்தில் அதே கை. நான் கேட்டேன், "இப்ப யாருன்னு நெனச்சீங்க?"

அவர் கையை எடுக்கவில்லை. "போய்ச் சொல்லு. யாரு நம்புவா?" என்றார்.

அதனால்தான் சொல்லாமல் போனேன். அவர் சொன்னது சரி என்று உன் கடிதமே சொல்கிறது. இனி எழுதாதே.

சின்னது


மார்ச் 27

சின்னதுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் உன்னை நம்பவில்லை. பொய் சொல்லப்போவதில்லை. உன்மேல் கொதித்துக்கொண்டு இரண்டு வாரம் சுற்றினேன். ஆனால் அவர் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வரவில்லை. சாப்பிடும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

போன வியாழக்கிழமை காலையில் அவரிடம், "மத்தியானம் சின்னது வர்றா, அவ பெட்டிய எடுத்துட்டுப் போகணுமாம். நான் அம்மாவக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துடுறேன்" என்றேன். "சரி, சரி" என்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் போனார். அம்மாவைக் கொண்டுபோய் எதிர்வீட்டு டீச்சரிடம் விட்டேன். பிறகு முதல் வேலையாக முடியைக் கழுத்துவரை வெட்டினேன். உன் முதல் கடிதத்தைக் குளியலறை ஜன்னலில் செருகி வைத்துக்கொண்டு, நீ எழுதியபடியே கலக்கினேன். ஆனால் எனக்கு நான்கு வாரம் இல்லை, ஒரு காலைப்பொழுதுதான் இருந்தது. அதனால் நாற்பது வாங்கியிருந்தேன். காதுக்குப் பின்னால் போட்டுப் பார்க்கவில்லை. வேரிலிருந்தே பூசினேன். கழுவிவிட்டு மறுபடியும் பூசினேன். தலையில் நெருப்பை வாரிக் கொட்டின மாதிரி இருந்தது. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருந்தேன். உன் மஞ்சள் வரவில்லை. ஆரஞ்சுதான் வந்தது. பின்னாலிருந்து பார்க்க அது போதும்.

உன் அறையில், ஜன்னலைப் பார்த்து, கதவுக்கு முதுகு காட்டி நின்றேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் மத்தியானத்தில் வீட்டுக்கு வந்ததே இல்லை. சாப்பாடு டப்பாவில்தான் போகும். வர மாட்டார், வராமல் இருந்துவிட வேண்டும், சின்னதுதான் பொய்க்காரி என்று ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

பன்னிரண்டரைக்குப் பயிற்சிக் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. படிகளை இரண்டிரண்டாக ஏறி வந்தார்.

"வருவேன்னு எனக்குத் தெரியும். கோவமெல்லாம் தீந்துச்சா?" என்றார். இடுப்பில் கை. "அவ சாயங்காலம் வரைக்கும் வரமாட்டா."

திரும்பினேன். அந்த முகத்தை எழுத எனக்கு வராது. வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "நீன்னு தெரியும்டி. சும்மா வெளையாட்டுக்கு."

என்னைப் பார்த்து உன் பெயரில் பேசிய வாய், உன்னைப் பார்த்து என் பெயரில் பேசிய அதே வாய். எனக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. நீ இதை மூன்று தடவை வந்து என்னிடம் சொன்னாய் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே கிளம்பிவிட்டேன். நானும் அம்மாவும் டீச்சர் வீட்டில் இருக்கிறோம். அவர் தினமும் வாசலில் வந்து நின்று ஏதேதோ சொல்லிவிட்டுப் போகிறார். டீச்சர் கதவைத் திறப்பதில்லை. ஆனால் அவர்களையும் எத்தனை நாள் தொந்தரவு செய்ய முடியும்? அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள், "அந்தப் பிள்ளைய நாம எப்படிடி அனுப்புனோம்" என்று மட்டும் கேட்டாள்.

தலையில் இரண்டு இடத்தில் புண். வேர்ப்பக்கம் முடி கொத்தாக வருகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவையும் என்னையும் கொஞ்ச நாள் உன்னிடம் வைத்துக்கொள்வாயா? மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பெரிசு


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

முதலில் தலை. பொருக்கைப் பிய்க்காதே. குளிர்ந்த தண்ணீரில் மட்டும் அலசு. ஆறும்வரை சாயம், எண்ணெய், ஷாம்பு எதுவும் கூடாது. சீழ் வைத்தால் இங்கே வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே டாக்டரிடம் காட்டு. இல்லையென்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு செவ்வாய், வெள்ளி. எட்டு மணிக்குள் சீட்டு வாங்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மனம் இளகும் என்று பார்த்தேன். இளகவில்லை. நான் மூன்று தடவை வந்து சொன்னது உனக்குப் போதவில்லை. கடிதத்தில் எழுதியதும் போதவில்லை. அந்தக் கை, என் முடி நிறத்தோடு நின்ற உன் உடம்பில் படிந்த பிறகுதான் நம்பினாய். நீ நம்பியது என்னை இல்லை, அக்கா. உன்னையே நீ நம்பினாய். அதை எப்படி மன்னிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் சொல்கிறேன்.

சனிக்கிழமை எனக்குப் பகல் ஷிப்ட், மூன்று மணிக்கு முடியும். பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை வந்து இறங்கு. அம்மாவுக்கு இடது பக்கம் பிடிமானம் கொடு, அங்கே படி உயரம். அறை ஒன்றுதான். அம்மாவுக்குக் கட்டில். உனக்கும் எனக்கும் தரையில் பாய் இருக்கிறது, இரண்டு தலையணையும் தைத்து வைத்திருக்கிறேன். சாப்பாடு இருக்கும்.

பேச்சு மட்டும் கொஞ்ச நாளைக்கு இருக்காது. அதற்குச் சம்மதம் என்றால் வா.

சின்னது