நான் மாற்றிச் சொன்ன பதில்

அட்டன், 12.8.1961

அன்புள்ள அப்பாவுக்கு,

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வரலாறு என்று எழுதி அனுப்பிவிட்டேன். “டீச்சர் வேலைக்குப் போ, தாயி” என்று நீங்கள் சொல்லியும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

பிரஜாவுரிமை விசாரணையில் நீங்கள் பேசியதை நான்தான் சிங்களத்தில் சொன்னேன். தாத்தா இலங்கைக்கு வந்த வருடத்தை அதிகாரி கேட்டார்.

“மலை சரிஞ்சு எங்க லயத்து வீடெல்லாம் பொதைஞ்ச வருசங்க. எங்க அக்கா அதுலதான் போச்சு” என்றீர்கள்.

தமிழ் தெரிந்த குமாஸ்தா சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. “இவருக்குத் தெரியாதாம்” என்று சொல்லி முடித்துவிட்டேன். மனு தள்ளுபடியானபோது, நான் மாற்றிச் சொன்னது தெரியாமல் நீங்கள் என்னைத் தேற்றினீர்கள்.

போன மாதம் கண்டி நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி அந்த வருடத்தைக் கண்டுபிடித்தேன். இனி அது மனுவுக்கு உதவாது. எத்தனை ஏக்கர் தேயிலை அழிந்தது என்று அதில் இருக்கிறது. செத்தவர்களைப் பற்றி “சில கூலிகள்” என்பதோடு சரி. அன்றிலிருந்து வேறு எந்தப் பாடத்திலும் மனம் நிற்கவில்லை. அவர்கள் யார் என்று நான் எழுத வேண்டும். அதற்கு முறையாகப் படிக்க வேண்டும்.

கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள். ஆனால் அத்தையின் பெயரையும் எழுதுங்கள். இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

உங்கள் மகள்