நிற்பதற்கும் சம்பளம்

இன்று காலை ஷெட்டுக்கு இந்த வருடத்து முதல் புளி லோடு வந்தது. தார்ப்பாயை அவிழ்த்ததும் ஈரச் சாக்கும் புதுப்புளியும் கலந்த வாசனை என் மேசைவரை வந்தது. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன். நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இறந்தவர்களோடு பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்பா படுக்கையில் விழுந்தபின் கண்ணமங்கலத்து லாரிகள் இரண்டும் என் பொறுப்புக்கு வந்தன. பொருளாதாரம் படித்தவள் என்ற நினைப்பு கொஞ்சம் அதிகம். உங்களையும் இன்னொரு டிரைவரையும் உட்காரவைத்து, முதலாளியிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். மற்றவர் மளமளவென்று சொன்னார். டயர் வெடித்தால் கூலியில் பிடிக்கக் கூடாது. வழிச்செலவுக்கான பேட்டாவைக் கிளம்பும்போதே தர வேண்டும். பொங்கலன்றாவது வீட்டில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். நீங்கள் பீடியைக் காதில் செருகிக்கொண்டீர்கள்.

"உங்களுக்கு?"

"மாசச் சம்பளமா குடுத்துடுங்கம்மா. டிரிப்புக்கு இவ்ளோன்னு வேணாம்."

"மாசச் சம்பளம்னா வண்டி ஷெட்டுலயே தூங்கும்."

"டிரைவரு தூங்கினா பரவால்லிங்களா?" என்றீர்கள். "நாலாவது வளைவுல நிக்கணும்மா. டிரிப்புக்கு ஓட்டறவனுக்கு நிக்க மனசு வராது."

ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில், எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் போக முடியாத வளைவு அது. கீழிருந்து ஏறுகிறவர் ஹாரன் அடிப்பார். மேலே வண்டி இருந்தால் பதில் ஹாரன் வரும். வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். உங்களுக்கு எப்போதும் பதில் வந்தது. வண்டிதான் வருவதில்லை.

"அண்ணனுக்கு மேல யாரோ சிநேகிதம்மா. ஹாரன்லயே பேசிப்பாங்க," என்று மற்றவர் சிரித்தார்.

நேரில் பார்த்துவிடலாம் என்று அடுத்த வாரம் உங்களோடு வந்தேன். நல்ல பகல் வெயில். அந்த வளைவின் கீழே நிறுத்தி, சின்னதாக இரண்டு முறை ஹாரன் அடித்தீர்கள். சற்றுக் கழித்து மேலிருந்து ஒரு ஹாரன் வந்தது. ஒன்றே ஒன்று, நீளமாக. நீங்கள் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்கிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு சைக்கிள்கூட இறங்கவில்லை.

"எதிரொலி," என்றேன்.

"நான் ரெண்டு வாட்டி அடிச்சேன். அது ஒரு வாட்டிதான வந்துது?"

வெயில் முழங்கையைச் சுட்டது. ஆனால் கை மயிர்கள் நின்றிருந்தன.

"அப்போ என்னதான் அது?"

"இன்னான்னு தெரியாதும்மா. இல்லாத வண்டின்னு நெனச்சி ஏறிட்டா, இருக்கிற அன்னிக்கு இன்னா பண்றது?"

அது சரியான வாதம் என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும், "புளி சீசன் முடியட்டும், பார்க்கலாம்," என்றேன்.

"உங்கப்பாவும் இப்படித்தான் பாத்துனே இருந்தாரு," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தீர்கள்.

சீசன் முடியவில்லை. அதற்குள் ஒரு நாள் மாலை, விறகு லாரி ஓட்டுகிற ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரை அவரால் குடிக்க முடியவில்லை.

"மத்தியானம் எறங்கினு இருந்தேம்மா. கீழ ஹாரன் கேட்டுது, ரெண்டு வாட்டி. நானும் நீளமா ஒண்ணு அடிச்சிட்டு வந்தேன். உங்க வண்டி அழகா ஒதுங்கி நின்னுது. கை காட்டினேன். அவரு காட்டல."

எஞ்சின் அணைந்திருந்தது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தது. நீங்கள் இருக்கையில் இருந்தீர்கள். மாரடைப்பு என்றார் பரிசோதித்த டாக்டர். உயிர் காலையிலேயே போயிருக்கும் என்றும் சொன்னார்.

டாக்டர் நேரத்தைத் தவறாகக் கணித்திருக்கலாம். பயந்துபோன மனிதர் முன்பின்னாகச் சொல்லியிருக்கலாம். இப்படிச் சில விளக்கங்களை வைத்திருக்கிறேன். பகலில் அவை பொருந்தவும் செய்கின்றன. ஆனால் அதற்கு முந்தைய மூன்று நாட்களும் நீங்கள் ஓய்வில்லாமல் ஓட்டியிருந்தீர்கள். டிரிப்புக் கூலிக்கு அப்படித்தான் ஓட்டுவார்கள். அதற்கு மட்டும் விளக்கம் தேட வேண்டியிருக்கவில்லை.

உங்கள் காரியம் முடிந்த மறுநாளே எல்லோருக்கும் மாசச் சம்பளம் என்று சொல்லிவிட்டேன். யார் எவ்வளவு தாமதமாக வந்தாலும் ஏன் என்று கேட்பதில்லை. நஷ்டம்தான் வரும் என்றார்கள். சில வருடங்கள் வந்தது.

போன மாதம் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு டிரைவர் வேலை கேட்டு வந்தார். சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. வாசலிலேயே தயங்கி நின்றார்.

"உங்க வண்டி ஓட்டினா நிக்கலாமாமேங்க?"

"நிக்கலாம்," என்றேன்.

எங்கே, எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு சொல்லைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.