கடைசி அத்தியாயத்தில் அம்மா

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். திருப்பரங்குன்றம் ஸ்டாப்பில் குடை இல்லாமல் நின்று தலை நனைந்தது. பஸ்ஸில் கண்டக்டர்: "உள்ள போங்க, உள்ள போங்க. படியில என்ன விருந்தா வைக்கிறாங்க?" எல்லோரும் சிரித்தோம். யாரும் உள்ளே போகவில்லை.

சிறார் இலக்கியத் தாளுக்கான இங்கிலீஷ் நாவல் எடுக்க லைப்ரரி. ஒரே பிரதி. மூன்றாம் அத்தியாயம் வரை வரிக்கு வரி பென்சிலில் தமிழ் அர்த்தம். அதற்கப்புறம் பக்கங்கள் புத்தம்புதுசு. எனக்கு முன்னால் எடுத்தவர்கள் எல்லோரும் அங்கிருந்தே கைடுக்குத் தாவிவிட்டார்கள் போல.

மேரியும் கைடுதான். (சகாயமேரி, விளாங்குடி, வகுப்பில் என் பக்கத்து இருக்கை.) "அம்புட்டுப் பெரிய கதைய ஆறே பக்கத்துல முடிச்சிருக்கான்டி. புண்ணியவான்."

எழுமலையிலிருந்து அப்பா போன். "எம்.ஏ.ல போயி சின்னப்புள்ளைக கதையா படிக்கிறீக?" ஆமாம் என்றேன். "சரி, நல்லாப் படி."

வாங்க: ஷாம்பு, ரீஃபில், கொசுவத்தி.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை.

நாவல் பாதி. இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர். பதினாலு வயசுப் பெண், அவளுக்கு ஒரு தம்பி. கப்பல் கேன்டீனில் வேலை என்று போன அம்மா திரும்பவில்லை. அவ்வப்போது கார்டு போடுகிறாள். பிள்ளைகளுக்கு எழுதியது, மொழி சுலபம். ஆனாலும் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிகிறது.

காரணம் பெரிய ரகசியமில்லை. எங்கள் அம்மா அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் மூன்று வருடம். கொஞ்ச நாள்தான் என்று சொல்லிப் போனாள். ஹாஸ்டலில் யாராவது கேட்டால் வேலைக்குப் போயிருக்காங்க என்பேன். பொய்யில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா போன். ஞாயிறு மட்டும்தான் அவளுக்கு லீவு. பின்னால் யார் வீட்டு டி.வி.யோ.

"சாப்ட்டியா?"

"ம்."

"தலைக்கு எண்ணெய் வைக்கிறியா?"

"ம்."

"பொங்கலுக்கு வாரேன்த்தா."

போன பொங்கலுக்கும் வாரேன் என்றாள். தீபாவளிக்கும். சரிம்மா என்றேன்.

மதியம் நாவல் முடிந்தது. அம்மா வரவில்லை. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் அம்மாவின் கவுனைத் தன் அளவுக்கு வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு, தம்பியை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறாள். அவ்வளவுதான். எனக்குக் கோபம். பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தை இப்படியா முடிப்பார்கள்? துணி துவைத்தேன்.

நவம்பர் 12, புதன்

மேடம் நாவலை நடத்தி முடித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மா வீடு திரும்புகிறாள், மூவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், குடும்பம் ஒரு கோயில் என்பதே கருத்து.

என் கையிலிருந்த நாவலைப் புரட்டினேன். அப்படி எதுவும் இல்லை. மேரியின் கைடைப் பார்த்தேன். மேடம் சொன்னது வரி மாறாமல் இருந்தது. ஆக, கைடு எழுதியவரும் மூன்றாம் அத்தியாயத்தோடு எழுந்து போயிருக்கிறார். மிச்சத்தைத் தன் நல்ல மனசுக்கு ஏற்றபடி முடித்துவைத்திருக்கிறார்.

எழுந்து சொன்னேன். "அம்மா வரல மேடம்."

மேடம் புத்தகத்தை வாங்கி, நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தார். பிறகு அதற்கு முந்தின பக்கத்தை. பின் பெஞ்சில் ஒருவன்: "மாப்ள, வீட்டுக்கு வந்த அம்மாவத் திருப்பி அனுப்புது பாரு." ஒரே சிரிப்பு.

வகுப்பு முடிந்து வராந்தாவில் கூப்பிட்டார். "நீ சொன்னதுதாம்மா சரி. நானும் கைடத்தான் பாத்தேன். ஆனா கேள்வி எடுக்கிறவங்க, பேப்பர் திருத்துறவங்க எல்லார் கையிலயும் அதே கைடுதான். பேசாம அதையே எழுதிட்டுப் போ. மார்க் வேணும்ல?"

வேண்டும். இதில் அரியர் விழுந்தால் பி.எட். சீட் சந்தேகம்.

"வராதவங்கள வந்தாங்கன்னு எப்படி மேடம் எழுதுறது?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. சாரி சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

மேரி நாவலை வாங்கிப்போனாள். "அப்படி என்னதான் இருக்குன்னு பாக்குறேன். பரீட்சைக்கு முந்தி தந்துருவேன்." தரமாட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல மழை. அம்மா போன். எண்ணெய் பற்றிக் கேட்கவில்லை.

"செல்வி, நான் இனி அங்கிட்டு வரலத்தா. இங்கயே ஒரு வீடு பாத்துட்டேன். நீ லீவுக்கு இங்க வா. அப்பாட்ட நீயே சொல்லிரு."

அப்பாவிடம் சொன்னேன். "சரி. மோட்டாரு ஓடுது, நிப்பாட்டணும்," என்று வைத்துவிட்டார்.

அழுதேன். முகம் கழுவி மெஸ்ஸுக்குப் போனேன். சப்பாத்தி, குருமா. பக்கத்து ரூம் பெண் என்ன கண்ணெல்லாம் சிவந்திருக்கு என்றாள். படிப்பு என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

சிறார் இலக்கியத் தேர்வு. வெயில். பெரிய கேள்வி மேடம் சொன்னபடியே வந்தது: கடைசி அத்தியாயத்தில் தாயின் வருகை குடும்பத்தை எவ்வாறு மீட்கிறது, விளக்குக.

வெளியே வந்ததும் மேரி ஓடிவந்தாள். "கேள்வியே தப்புன்னு முதல் வரியிலயே எழுதிட்டேன்டி. அம்மா வரல, வராமலே அந்தப் புள்ள நிமிந்துருச்சுன்னு எழுதிட்டேன். படிச்ச பெறகு மாத்தி எழுத மனசே வரல. ஃபெயிலானா உன்னாலதான்." முகமெல்லாம் சிரிப்பு. "நீ எம்புட்டு எழுதுன?"

அம்மா வந்துவிட்டதாக எழுதினேன் என்றேன்.

"நீயா?"

மார்க்குக்காக என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும். கைடில் அந்த இடம் நாலு வரி. நான் கூடுதல் தாள் வாங்கினேன். பையோடு வாசலில் நிற்கிறாள். கப்பல் லேட் என்கிறாள். தம்பிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மகள் ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி உள்ளே வைக்கிறாள். மணி அடித்துப் பேப்பரைப் பிடுங்கும்போது அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.