பன்னிரண்டு உறைக் குழி

ராமநாதபுரம்,
நவம்பர் 9.

மதிப்பிற்குரிய மாரிச்செல்வம் அவர்களுக்கு,

சத்யப்பிரியா எழுதுவது. நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு முன்னால் பெண் கடிதம் எழுதுவது நம் இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை என்று தெரியும். மன்னிக்க வேண்டும். நீங்கள் போனில் கூப்பிடும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் 'ம்', 'சரி' தவிர எனக்கு வேறொன்றும் வாயில் வருவதில்லை. உங்கள் ஊர் சூர்யா வெள்ளிக்கிழமை ஷார்ஜா திரும்புவதாகக் கேள்விப்பட்டு, அவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று எழுதுகிறேன். இன்னொரு மன்னிப்பும் வேண்டும். இது கக்கூஸ் குழியைப் பற்றிய கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டார் பதினோரு பேர் உங்கள் வீடு பார்க்க வந்தோம். உங்கள் அம்மா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் புது அறைகளைக் காட்டினார்கள். மூட்டு வலியோடு எனக்காகத் தனியாகப் பணியாரம் சுட்டு வைத்திருந்தார்கள். பின்பக்கம் நீல டைல்ஸ் ஒட்டிய கழிப்பறையைத் திறந்து, "படிச்ச பிள்ளை வருது, காட்டுப்பக்கம் போகச் சொல்ல முடியுமா?" என்றார்கள். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். அதனால்தான் மற்றதை எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

கழிப்பறைக்குப் பின்னால் குழி திறந்து கிடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து சிமெண்ட் வளைய உறை இறக்கியாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி. உங்கள் அய்யா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்த வட்டாரத்துல எவன் வீட்டுலயும் பன்னெண்டு உறை கிடையாதும்மா. ஒம் பேரன் பேத்தி காலத்துக்கும் நிறையாது" என்றார். எங்கள் அய்யாவும் எட்டிப் பார்த்து, "கிணறு மாதிரில்ல இருக்கு சம்பந்தி!" என்று மெச்சினார்.

கிணறு மாதிரிதான் இருந்தது. ஐந்தடியிலேயே தண்ணீர் ஊறிவிட்டது. உறை இறக்கும் மலையாண்டி நெஞ்சளவு தண்ணீரில் நின்று மணலை வாளியில் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக நல்ல தண்ணீருக்குத் தோண்டிப் பழகிய மனிதர் உங்கள் அய்யா. ஆழம் போகப் போக நல்லது என்ற அதே கணக்கில் இதையும் தோண்டிவிட்டார்.

வேலிக்கு அந்தப்புறம் இருபது எட்டு வைத்தேன். இருபதாவது எட்டில் உங்கள் தெருவே குடிக்கிற ஊற்று. இரண்டு பெண்கள் மணலில் குனிந்து சிரட்டையால் குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரைத்தான் கொஞ்ச நேரம் முன்னால் உங்கள் அம்மா சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள், நானும் குடித்திருந்தேன். இளநீர் போல இருந்தது. அடுத்த வருடம் அந்த டம்ளரில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று நாளாக எங்கே தண்ணீர் குடித்தாலும் டம்ளரை மோந்து பார்க்கிறேன்.

என் வேலையை எங்கள் அய்யா வெளியில் 'கவர்மெண்டுல கம்ப்யூட்டர் வேலை' என்றுதான் சொல்லுவார். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய நான் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்க் கழிப்பறைக் குழி அளந்து மதிப்பீடு எழுதுகிறேன். ஒரு ஊரில் குழியும் ஊற்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தண்ணீரில் நுரை மிதந்தது. ஒரு அக்கா சேலைத் தலைப்பில் வடிகட்டி, "இப்பப் பாரு, கண்ணாடியாட்டம்" என்று என்னிடமே நீட்டினார். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு.

கணக்கை எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு உறை, இறக்கு கூலி, மூடி எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரம் ஆகும் என்றார் உங்கள் அய்யா. நாலாபக்கமும் பூசி அடைத்த தொட்டி என்றால் தொண்ணூறாயிரத்துக்குக் குறையாது. அது நிறைந்தால் உறிஞ்சும் லாரி வர வேண்டும், உங்கள் சந்துக்குள் ஆட்டோவே திரும்பாது. மூன்றாவது, இரட்டைக் குழி. ஊற்றுக்கு எதிர்ப்பக்கம், வேப்பமரத்துக்கு அப்பால், தரைக்கு மேலே பாதி உயர்த்தி, மூன்றடிக்கு மேல் தோண்டாமல், சுற்றிலும் நல்ல மணல் போட்டுக் கட்ட நாற்பத்திரண்டாயிரம். ஒன்று நிறைந்தால் அடைத்துவிட்டு மற்றதற்கு மாற்றலாம். அடைத்தது இரண்டு வருடத்தில் மக்கி மண்ணாகிவிடும். பயிற்சியில் அந்த மண்ணை எங்கள் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் பின்வாங்கினார்கள், நானும்தான். கடைசியில் வாங்கினேன். ஒரு நாற்றமும் இல்லை. ஆனாலும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பொய் சொல்ல மாட்டேன்.

என் சித்தப்பா பேச்சுவாக்கில் இரட்டைக் குழியைப் பற்றிக் கேட்டார். உங்கள் அய்யா சிரித்தார். "சின்னக் குழி மூணு வருசத்துல நிறைஞ்சிரும். அள்ள நீங்க வாரீகளா, நான் வாரனா? அப்படியே நிறைஞ்சாலும் மலையாண்டி இருக்கான். ஒரு குவாட்டர் வாங்கிக் கொடுத்தா இறங்கிருவான், என்னலே?" என்று குழிக்குள் பார்த்துக் கேட்டார். என்னைத் தவிர எங்கள் வீட்டார் பத்துப் பேரும் சிரித்தார்கள். எங்கள் அய்யா எல்லோரையும்விடச் சத்தமாக.

மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு மலையாண்டி ஏறி வந்தார். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குச் சில்வர் டம்ளர், அவருக்கு உங்கள் வீட்டில் பிளாஸ்டிக் கப்பில்தான் கொடுத்தனுப்பினார்கள். "இன்னைக்கு நல்ல தண்ணியில நிக்கேன் தாயி. நாளப்பின்ன இதுக்குள்ளயே எறங்கச் சொல்வாக" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார். எனக்கு அருவருப்பு குழியின் மேல் இல்லை. அந்தச் சிரிப்பின் மேல். வாயை மூடிக்கொண்டு நின்ற என் மேலும்.

மிச்ச இரண்டு உறையும் அமாவாசை கழித்து இறங்குகிறது. அதன் பிறகு மூடிவிடுவார்கள். பணம் அனுப்புவது நீங்கள், உங்கள் அய்யா உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். உடனே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். இறக்கிய உறைகளைக் கிணறாகவே வைத்துக்கொள்ளலாம், வீணாகாது. புதுக் குழிக்குப் பணம் போதாவிட்டால் எனக்குச் சீராக வாங்க வைத்திருக்கும் பிரிட்ஜ் வேண்டாம் என்று எங்கள் அய்யாவிடம் நானே சொல்கிறேன். குழிக்குச் சீர் கொண்டுவந்தவள் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டியது, கை வரவில்லை. மூன்று வருடத்தில் நிறைந்து, இரண்டு வருடம் மக்கி, கல்யாணம் ஆன ஐந்தாம் வருடம் முதல் குழியைத் திறக்க வேண்டிவரும். அந்த மாதம் நீங்கள் லீவு எடுத்து வாருங்கள். மண்வெட்டி நீங்கள் பிடியுங்கள், கூடை நான் தூக்குகிறேன். மலையாண்டியையோ அவர் பிள்ளைகளையோ கூப்பிடக் கூடாது. இதை உங்கள் அய்யாவிடம் இப்போதே, உங்கள் வாயால் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் சொல்லிவிடுங்கள்.

வெயிலில் வேலை செய்கிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சத்யப்பிரியா