பலாங்கொடைக் கிளையில் ஒரு இடம்

பலாங்கொடை
20.09.2009

அன்பு மகள் ஷாமிளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தம்பி சசியும் நானும் சுகம், நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மழை விடவில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. அங்கே வெயில் கொளுத்துகிறதாமே, மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை பேங்க் மேனேஜர் நுஹ்மான் ஐயா நம் தோட்டத்து லயத்துக்கே வந்தார். நம் சந்தியில் பேங்க் திறந்தபோது என் சேலையைப் பிடித்துக்கொண்டு வருவாயே, ஞாபகமிருக்கிறதா? அதற்கு முன்பெல்லாம் டவுனுக்குப் போய், சிங்களம் பேசத் தெரிந்தும் படிவத்தை வாசிக்கத் தெரியாமல், என்ன எழுதியிருக்கிறதோ என்ற பயத்தோடேயே கையெழுத்துப் போடுவோம். வரக்காப்பொலையிலிருந்து மாற்றலாகி வந்த அவர்தான் எங்களுக்கு ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டினார். பிறகு எஹலியகொட, அந்தப் பக்கமெல்லாம் கிளை திறக்கத் திறக்க, தமிழ் தெரிந்த ஒருவராவது வேண்டுமென்று மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். அப்படிக் கிடைத்த இடத்தில்தான் நீயும் சேர்ந்தாய். இப்போது வவுனியாவில் புதுக் கிளை திறந்து உன்னை அங்கே அனுப்பிவிட்டார்கள். "பலாங்கொடயில ஒரு இடம் காலியாகுது, மகள இங்க எடுக்கவா?" என்று கேட்டார். "இந்த மாசமே எடுத்துருங்க ஐயா" என்று நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் வவுனியாக் கிளைக்குப் போனபோது பார்த்ததைச் சொன்னார். சண்டையில் எல்லாவற்றையும் இழந்து முகாமிலிருந்து வந்த ஒரு அம்மா கணக்குத் திறக்க வந்தாராம். தனக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதும் இடத்தில் சொல்ல ஒரு பெயர்கூட இல்லாமல் உடைந்து போனாராம். நீ எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அத இப்ப எழுத வேணாம்மா, மெதுவா பாப்போம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாயாம். இப்போதெல்லாம் அந்த அம்மா பேங்கில் வேலை எதுவும் இல்லாவிட்டாலும் உன்னைப் பார்க்க வருகிறாராமே. போனில் இதையெல்லாம் நீ சொல்லவேயில்லை, என்ன கறி ஆக்கினோம் என்று மட்டும் கேட்பாய். அப்பாதான், "புள்ளையையே கேளுங்க ஐயா" என்றார்.

உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசையில்லை என்று பொய் எழுதமாட்டேன். ஆனால் எனக்காக வராதே, எனக்காக அங்கேயே இருக்கவும் வேண்டாம். உன் மனம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே ஐயாவுக்குப் பதில் கொடு.

தீபாவளிக்கு நாங்களே புறப்பட்டு வருகிறோம். சாமி உனக்கு எப்போதும் துணையிருக்கும். கொசுவலை கட்டாமல் படுக்காதே. அந்த அம்மாவுக்கும் ஒரு சேலை எடுக்கப்போகிறேன், என்ன நிறம் பிடிக்கும் என்று மறக்காமல் கேட்டு எழுது.

உன் அம்மா,
மருதாயி